மலையேறும்போது மட்டும் கொதிக்கும் பிக்கப்: ஹெட்டைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: என்னிடம் 2006 மாடல் டீசல் பிக்கப் ஒன்று இருக்கிறது. பெரியகுளத்திலிருந்து உர மூட்டை ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் மேல்மலைக் கிராமங்களுக்குப் போய், திரும்பும்போது பூண்டு ஏற்றி வடுகபட்டிச் சந்தையில் இறக்குவது தொழில். கீழே தேனி வரை எத்தனை நடை அடித்தாலும் வண்டி சூடாவதில்லை. சந்தையில் அரை மணி நேரம் என்ஜின் ஓடியபடி நின்றாலும் முள் நடுவில்தான் நிற்கிறது. ஆனால் காட்ரோட்டில் பாரத்துடன் ஏறும்போது டம்டம் பாறை தாண்டியதும் முள் ஏறத் தொடங்கி, பெருமாள்மலை வருவதற்குள் சிவப்பைத் தொட்டுவிடுகிறது. நிறுத்தினால் ரிசர்வ் டப்பா வழியாகத் தண்ணீர் கொதித்து வழிகிறது. இதுவரை வாட்டர் பம்பை மாற்றி, ரேடியேட்டரைப் பிரித்து ராடு விட்டுச் சுத்தம் செய்து, மெக்கானிக் சொன்னபடி தெர்மோஸ்டாட்டையும் கழற்றிவிட்டோம். இப்போது இறக்கத்தில் முள் ஒரேயடியாகக் கீழே போய்விடுகிறது. ஏற்றத்தில் பழைய கதைதான். ஒவ்வொரு நடைக்கும் ஏறக்குறைய ஒரு லிட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறது. காலையில் பார்த்தால் டப்பாவில் தண்ணீர் நிறைய நிற்கிறது, ரேடியேட்டரில் குறைந்திருக்கிறது, மேல் ஹோஸ் சப்பிப் போயிருக்கிறது. ஹெட் கேஸ்கட் போய்விட்டது, ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். வேறொருவர் பெரிய ரேடியேட்டர் போடச் சொல்கிறார். எதைச் செய்வது?

பதில்: வணக்கம். இரண்டையும் இப்போதைக்குச் செய்ய வேண்டாம். ஹெட்டை, அதாவது சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் பாகத்தை, கழற்றுவது என்பது அதன் அடியில் இருக்கும் கேஸ்கட்டின் விலையோடு முடிவதில்லை; லேத் கூலி, போல்ட்டுகள், ஆயில், வண்டி நிற்கும் நாட்கள் என்று செலவு நீண்டுகொண்டே போகும். அதற்குத் தேவை இருக்கிறதா என்பதைச் சில நூறு ரூபாய்ச் செலவில், வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்துவிட முடியும். உங்கள் கடிதத்தின் கடைசியில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் விவரம்தான், அதாவது டப்பாவில் தண்ணீர் நின்றுவிடுவதும் மேல் ஹோஸ் சப்பிக் கிடப்பதும்தான், எனக்கு மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமாகப் படுகிறது. இதுவரை மாற்றிய பொருட்களின் பட்டியலில் ரேடியேட்டர் மூடி இல்லை என்பதையும் கவனித்தேன்.

வண்டி சூடாகிறது என்று யார் வந்தாலும், எந்தப் பாகத்தை மாற்றினீர்கள் என்று கேட்பதற்கு முன்னால் எப்போது சூடாகிறது என்றுதான் கேட்க வேண்டும். நின்ற இடத்தில் சூடாகி, ஓடும்போது ஆறுகிற வண்டியில் குறை பெரும்பாலும் காற்றில் இருக்கும்: ஃபேன், ஃபேன் பெல்ட், ஃபேனைச் சுற்றியுள்ள கூடு. நிற்கும்போது சரியாக இருந்து, வேகத்திலோ பாரத்திலோ சூடாகிற வண்டியில் குறை தண்ணீர் ஓட்டத்தில் இருக்கும்: அடைபட்ட ரேடியேட்டர், சூடு ஏறியும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் வழியைத் திறக்காத தெர்மோஸ்டாட், உறிஞ்சப்பட்டு மூடிக்கொள்ளும் கீழ் ஹோஸ். உங்கள் வண்டி இரண்டாவது வகை போலத் தெரிகிறது. ஆனால் மலைப்பாதை இந்தக் கணக்கைக் கொஞ்சம் குழப்பும். கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியரில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது, வண்டி ஓடுவதால் முகப்பில் அடிக்கும் காற்று மிகக் குறைவு. என்ஜினோ முழு பாரத்தை இழுத்துக்கொண்டு முழுச் சூட்டையும் கக்குகிறது. அந்த நேரத்தில் ரேடியேட்டருக்குத் துணை ஃபேன் மட்டுமே. ஆகவே சந்தையில் நிற்கும்போது சூடாகவில்லை என்பதை வைத்து ஃபேன் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வெற்று ஓட்டத்தில் என்ஜின் உண்டாக்கும் சூடு மிகச் சொற்பம். அதைப் பாதி செத்த ஃபேன் கூடச் சமாளித்துவிடும்.

முதலில் மூடியை எடுத்துக்கொள்வோம். என்ஜின் முழுவதுமாக ஆறிய பிறகு, காலையில், மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கீழே ஸ்பிரிங்கின் நுனியில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதன் நடுவில் நகத்தால் இழுத்தால் திறந்து, விட்டால் தானாக மூடிக்கொள்ளும் சிறிய தகடு ஒன்று இருக்கும். மேலே மூடியின் விளிம்பை ஒட்டி இன்னொரு ரப்பர் இருக்கும். இந்த மூன்றுக்கும் மூன்று வேலைகள். கீழ் ரப்பரும் ஸ்பிரிங்கும் உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்து, அளவுக்கு மீறினால் மட்டும் திறந்து, பொங்கிய தண்ணீரை டப்பாவுக்கு அனுப்புகின்றன. என்ஜின் ஆறி உள்ளே தண்ணீர் சுருங்கும்போது நடுத் தகடு திறந்து, டப்பாவிலிருந்து தண்ணீரைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ள வழி விடுகிறது. மேல் ரப்பர், அந்தச் சமயத்தில் தண்ணீருக்குப் பதில் வெளிக்காற்று நுழைந்துவிடாமல் தடுக்கிறது. உங்கள் வண்டியில் நடுத் தகடு துரு ஏறி இறுகியிருக்க வேண்டும், அல்லது டப்பாவுக்குப் போகும் சின்னக் குழாய் மடிந்தோ அடைத்தோ இருக்க வேண்டும். போன தண்ணீர் திரும்ப வர வழியில்லாததால்தான் உள்ளே வெற்றிடம் உண்டாகி, மேல் ஹோஸ் சப்பிக்கொள்கிறது. டப்பாவில் தண்ணீர் தேங்கி, ரேடியேட்டரில் குறைகிறது. கேஸ்கட் போனதற்கான அடையாளம் இதுவன்று.

நடுத் தகடு இறுகிய மூடியின் ஸ்பிரிங் மட்டும் இளமையாக இருக்கும் என்று நம்புவதற்கு இடமில்லை. கீழ் ரப்பரில் ஆழமான வட்டத் தடம் விழுந்திருந்தாலோ, விரலால் அழுத்தினால் பிளாஸ்டிக் போலக் கெட்டியாக இருந்தாலோ, அது அழுத்தத்தைப் பிடிக்காது. அழுத்தம் போனால் என்ன ஆகும் என்பதைக் கொடைக்கானலில் சமையல் செய்பவர்கள் நன்றாக அறிவார்கள். கடல் மட்டத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர், 2000 மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். உங்கள் என்ஜினின் தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறக்கத் தொடங்குவது என்று வைத்துக்கொண்டால், அது முழுவதும் திறப்பது 92, 95 டிகிரிக்கு அருகில். அதாவது மூடி அழுத்தத்தைப் பிடிக்காத வண்டியில், எந்தக் குறையும் இல்லாத என்ஜினின் இயல்பான சூடே மேல்மலையில் கொதிநிலையாகிவிடுகிறது. நல்ல மூடி 0.9 பார், அதாவது 13 பிஎஸ்ஐ அழுத்தம் பிடித்தால், அதே உயரத்தில் வெறும் தண்ணீர் கூட 115 டிகிரி வரை கொதிக்காது. இருபது டிகிரிக்கு மேல் வித்தியாசம். அதைத் தருவது இரண்டு ரப்பரும் ஒரு ஸ்பிரிங்கும்தான். தேனி வரை ஓடும்போது தெரியாத குறை பெருமாள்மலையில் வெளிப்படுவதற்கு இது ஒன்றே போதுமான காரணமாக இருக்கலாம்.

புதிய மூடி வாங்கும்போது வாய் அளவை மட்டும் பார்க்காமல், பழைய மூடியில் அச்சிட்டிருக்கும் அழுத்த எண்ணையும் பார்த்து அதே எண்ணுள்ளதை வாங்குங்கள். கொதிப்பது நிற்கட்டும் என்று அதிக அழுத்தமுள்ள மூடியைப் போடுவது பழைய ரேடியேட்டரின் பற்றுவைப்புகளையும் ஹோஸ்களையும் வெடிக்க வைக்கும். டப்பாக் குழாயைக் கழற்றி வாயால் ஊதி, வழி இருக்கிறதா என்று பாருங்கள். ரேடியேட்டரின் கழுத்தில், மூடியின் கீழ் ரப்பர் உட்காரும் இடத்தில் பள்ளமோ நெளிவோ இருந்தால் எத்தனை புது மூடி போட்டாலும் பயனில்லை. மேல் ஹோஸையும் மாற்றிவிடுங்கள். பலமுறை சப்பிய ஹோஸ் உள்பக்கம் உரியத் தொடங்கியிருக்கும்.

அடுத்தது, கழற்றி எறிந்த தெர்மோஸ்டாட். இதை உங்கள் மெக்கானிக் மட்டும் செய்யவில்லை. நம் ஊரில் ஹீட் ஆகிறது என்று வந்தால் முதலில் பறிபோவது இதுதான். சூடான ஊருக்கு இது எதற்கு என்று ஒரு நியாயமும் சொல்வார்கள். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணீர் ரேடியேட்டரில் நிற்காமல் வேகமாக ஓடிவிடும், அதனால் ஆறாது என்று இன்னொரு தரப்பு சொல்லும். தண்ணீர் வேகமாக ஓடுவது ஆறுவதைக் கெடுக்காது. உண்மையான சிக்கல் வேறு. பல டீசல் என்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இன்னொரு தட்டு இருக்கும். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் என்ஜினுக்குள்ளேயே சுற்றி வர ஒரு குறுக்கு வழி உண்டு. மேல் வாய் திறக்கும்போது இந்த அடித்தட்டு இறங்கி அந்தக் குறுக்கு வழியை மூடும். தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். ஏற்றத்தில் முழுத் தண்ணீரும் ரேடியேட்டர் வழியாகப் போக வேண்டிய நேரத்தில், ஒரு பகுதி ஆறாமலேயே என்ஜினுக்குத் திரும்பி வரும். சூட்டைக் குறைக்கச் செய்த வேலை சூட்டைக் கூட்டுகிறது. இறக்கத்திலோ என்ஜின் வேலை செய்யும் சூட்டுக்கே வராமல் குளிர்ந்துபோகிறது. முள் ஒரேயடியாகக் கீழே விழுகிறது என்று நீங்கள் எழுதியது இதனால்தான். குளிர்ந்த டீசல் என்ஜின் எரிபொருளை முழுதாக எரிக்காது. டீசல் செலவு கூடும், ஆயில் சீக்கிரம் கெடும், சிலிண்டர் தேயும்.

ஆகவே அதே எண்ணுள்ள புதிய தெர்மோஸ்டாட்டை வாங்கிப் பொருத்துங்கள். பொருத்துவதற்கு முன்னால் அதைச் சோதிப்பது எளிது. அதன் வாயை விரலால் திறந்து, ஒரு நூலை இடுக்கில் கொடுத்து விட்டுவிட்டால் நூல் கவ்விக்கொள்ளும். அந்த நூலில் தெர்மோஸ்டாட்டைத் தொங்கவிட்டு, பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அடுப்பில் ஏற்றி, ஒரு வெப்பமானியையும் அருகில் தொங்க விடுங்கள். இரண்டும் பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது. வாய் திறக்கத் தொடங்கும் கணத்தில் நூல் விட்டுப்போய்த் தெர்மோஸ்டாட் கீழே விழும். அப்போது வெப்பமானி காட்டும் எண்ணும் தெர்மோஸ்டாட்டில் பொறித்திருக்கும் எண்ணும் இரண்டு மூன்று டிகிரிக்குள் ஒத்துப்போனால் நல்லது. மேலும் பத்து டிகிரி ஏறியதும் வாய் நன்றாக அகன்று திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பொருத்தும்போது விளிம்பில் ஆடும் சிறிய ஊசி இருந்தால் அது மேல்பக்கமாக வரட்டும். உள்ளே மாட்டிய காற்று வெளியேற அதுதான் வழி.

இந்த இரண்டு வேலைகளையும் முடித்துவிட்டு, முள் சொல்வது உண்மையா என்றும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். பதினெட்டு, இருபது வருட வண்டிகளில் சென்சாரும் அதன் எர்த் இணைப்பும் கெட்டு, முள் பொய் சொல்வது மிகச் சாதாரணம். உங்கள் வண்டியில் தண்ணீர் உண்மையிலேயே கொதித்து வழிவதால் முள் முழுப் பொய் சொல்லவில்லை. இருந்தாலும் அது எவ்வளவு தள்ளிக் காட்டுகிறது என்று தெரிந்திருப்பது நல்லது. ஹெட்லைட்டைப் போட்டதும் முள் நகர்ந்தால் எர்த் சரியில்லை என்று பொருள். தூரத்திலிருந்தே சூட்டைக் காட்டும் இன்ஃப்ராரெட் வெப்பமானி இப்போது ஆன்லைனில் மலிவாகவே கிடைக்கிறது. வண்டியை வைத்துப் பிழைப்பவர்கள் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது வீண் செலவன்று. பளபளப்பான உலோகத்தில் அது குறைத்துக் காட்டும் என்பதால், தெர்மோஸ்டாட் மூடியின் மேல் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, அதன் மீது காட்டி அளவெடுங்கள்.

இனி காற்று. வண்டியின் முகப்புக் கிரில்லைத் திறந்து, ரேடியேட்டரின் முன்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். பூண்டு ஏற்றும் வண்டிகளில் நான் பார்த்திருக்கும் ஒரு விஷயம் உண்டு: பூண்டுச் சருகு. காகிதத்தை விட மெல்லிய அந்தத் தோல் பறந்து வந்து ரேடியேட்டர் தகடுகளின் இடுக்கில் ஒட்டிக்கொள்ளும். மழையில் நனைந்து, மேலே புழுதி படிந்து, பூச்சிகளும் சேர்ந்து, நாளடைவில் ஒரு பாய் போலப் படிந்துவிடும். ராடு விட்டுச் சுத்தம் செய்தது குழாய்களின் உட்புறத்தை. வெளித் தகடுகளை யாராவது கவனித்தார்களா என்பது கடிதத்தில் இல்லை. ஃபேன் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கி, அழுத்தம் குறைந்த தண்ணீரால் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை நேராகப் பிடித்தால் தகடுகள் மடங்கி, இருந்த வழியும் அடைபடும். கிரில்லுக்கு முன்னால் பெயர்ப் பலகை, கூடுதல் ஹாரன், இரும்புக் கம்பி என்று எதைக் கட்டியிருந்தாலும் மலை நடை முடியும் வரை கழற்றி வையுங்கள். எலுமிச்சை மாலை இருந்துவிட்டுப் போகட்டும், அது காற்றைத் தடுக்காது.

ஃபேனைச் சுற்றியிருக்கும் கூடு உடைந்து விழுந்து, அது இல்லாமலே ஓடும் வண்டிகள் ஏராளம். கூடு இல்லாத ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுப்பதை விட, தன் விளிம்பைச் சுற்றிப் பின்னாலிருக்கும் சூடான காற்றையே திரும்பத் திரும்ப இழுக்கும். உங்கள் வண்டியில் கூடு இல்லையென்றால் பழைய சாமான் கடையிலாவது தேடிப் பிடித்துப் பொருத்துங்கள். வாட்டர் பம்ப் மாற்றியபோது ஃபேனைக் கழற்றித்தான் மாட்டியிருப்பார்கள் என்பதால், அது முன்பின் மாறி மாட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். மாறி மாட்டினாலும் காற்று அதே திசையில்தான் போகும், ஆனால் அளவு வெகுவாகக் குறைந்துவிடும். அதனால்தான் இது பலர் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. இறக்கைகளின் குழிந்த பக்கம் என்ஜினை நோக்கி இருக்க வேண்டும். ஃபேனின் நடுவில் வட்டமான, தகடுகள் வரிந்த கிளட்ச் இருக்கும் வகையாக இருந்தால், வண்டி நன்றாகச் சூடேறிய நிலையில் என்ஜினை நிறுத்திவிட்டு, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஃபேனைக் கையால் சுழற்றிப் பாருங்கள். அது இறுக்கமாக நின்றால் கிளட்ச் உயிரோடு இருக்கிறது. தட்டிவிட்டதும் பல சுற்று சுற்றினாலோ, கிளட்ச்சின் முகப்பில் எண்ணெய்க் கசிவு கோடு கோடாகத் தெரிந்தாலோ, அதன் சிலிகான் எண்ணெய் போய்விட்டது என்று பொருள். சந்தையில் நின்றால் சூடாகாமல் ஏற்றத்தில் மட்டும் சூடாக்கும் குறைகளில் இதுவும் ஒன்று.

பெல்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு புல்லிகளுக்கு நடுவே கட்டை விரலால் அழுத்தினால் ஏறக்குறைய 10 முதல் 12 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். உள்பக்கம் கண்ணாடி போல மின்னினால் மாற்றிவிட வேண்டும்.

தண்ணீர் ஓட்டத்தில் நான் சந்தேகப்படும் இடம் கீழ் ஹோஸ். இது பம்பின் உறிஞ்சும் பக்கம். இதன் உள்ளே ஒரு கம்பிச் சுருள் இருக்கும். உப்புத் தண்ணீரில் துருப்பிடித்து அது கரைந்துபோயிருந்தால், என்ஜின் வேகமாகச் சுற்றும்போது ஹோஸ் உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்ளும். வேகம் குறைந்ததும் பழையபடி விரிந்துவிடும். பட்டறையில் வண்டியை நிறுத்திப் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. வண்டி சூடேறிய பிறகு ஒருவரை ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஃபேனை விட்டுத் தள்ளி நின்று, கீழ் ஹோஸைக் கண்ணால் பாருங்கள். காலையில் மேல் ஹோஸ் சப்புவது மூடியின் குறை. ஓடும்போது கீழ் ஹோஸ் சப்புவது சுருளின் குறை, அல்லது ரேடியேட்டர் அடைப்பு. இரண்டையும் ஒன்றென்று எண்ணிவிட வேண்டாம்.

ராடு விட்ட ரேடியேட்டர் உண்மையிலேயே சுத்தமாகியிருக்கிறதா என்பதை அந்த இன்ஃப்ராரெட் வெப்பமானியே சொல்லிவிடும். வண்டியை ஏற்றத்தில் ஓட்டிச் சூடாக்கி, நிறுத்தி, ரேடியேட்டரின் முகப்பில் கட்டம் கட்டமாக அளவெடுங்கள். தண்ணீர் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம் வரை சூடு படிப்படியாகக் குறைந்துகொண்டு போக வேண்டும். நடுவில் எங்காவது திட்டுத் திட்டாகக் குளிர்ந்திருந்தால் அந்த இடத்துக் குழாய்களில் தண்ணீர் ஓடவில்லை என்று அர்த்தம். இந்த வண்டி உங்களுக்கு முன்னால் யாரிடம் இருந்தது என்று தெரியவில்லை; ரேடியேட்டர் ஒழுக்கை நிறுத்த மஞ்சள் தூள் போடுவது நம் ஓட்டுநர்களிடம் வெகுநாளாக இருக்கும் வழக்கம். நடுவழியில் அது காப்பாற்றும், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒழுகும் ஓட்டையை அடைக்கும் அதே தூள் மெல்லிய குழாய்களையும் அடைக்கத்தான் செய்யும். அப்படிப்பட்ட ரேடியேட்டருக்குக் கோர், அதாவது நடுவில் இருக்கும் குழாய்த் தொகுதி, மாற்றுவதுதான் தீர்வு. அதையும் பழைய அளவிலேயே மாற்றினால் போதும். பெரிய ரேடியேட்டர் தேவையில்லை என்று நான் சொல்வதற்குக் காரணம், புதிதாக வந்தபோது இதே வண்டி இதே அளவு ரேடியேட்டருடன் மலையேறத்தான் செய்தது என்பதே. அனுமதித்த எடையை விட நீங்கள் எவ்வளவு கூடுதலாக ஏற்றுகிறீர்கள் என்பதை ஆர்சி புத்தகத்தைப் பார்த்து நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கைப் பெரிய ரேடியேட்டரால் ஈடுகட்ட முடியாது.

இப்போது உங்கள் மெக்கானிக் சொன்ன கேஸ்கட்டுக்கு வருகிறேன். அவர் சொல்வது தவறு என்று இங்கிருந்தபடியே நான் சொல்லிவிட முடியாது. பலமுறை கொதித்த என்ஜினில் ஹெட் நெளிந்து கேஸ்கட் விட்டுப்போவது உண்டு. ஆனால் நீங்கள் ஊற்றும் ஒரு லிட்டர் எங்கே போகிறது என்று பாருங்கள்: கொஞ்சம் டப்பாவில் நிற்கிறது, கொஞ்சம் சாலையில் வழிகிறது. மாயமாக மறையவில்லை. புகைபோக்கியில் ஓயாத வெள்ளைப் புகை, ஆயில் குச்சியில் பால் கலந்த காபி போன்ற நிறம் ஆகியவற்றைப் பற்றி நீங்கள் எழுதவில்லை; இருந்திருந்தால் எழுதியிருப்பீர்கள். உறுதி செய்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. இரவு முழுதும் ஆறிய வண்டியில் மூடியைக் கழற்றி, கழுத்து வரை தண்ணீர் நிரப்பி, மூடாமலே என்ஜினை ஓட விடுங்கள். தொடக்கத்தில் சில குமிழிகள் வருவது இயல்பு; உள்ளே தங்கிய காற்று அது. ஐந்து நிமிடம் கழிந்த பிறகும் குமிழிகள் நிற்காமல் வந்து, ஆக்ஸிலரேட்டரை உயர்த்தும்போதெல்லாம் கூடினால், என்ஜின் சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுகிறது. இன்னொரு நாள் காலையில் மூடியைப் போட்டு என்ஜினை ஓட்டி, மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இன்னும் பச்சைத் தண்ணீராக இருக்கும்போதே, ஓரிரு நிமிடத்தில் ஹோஸ் கல்லாக இறுகினால் அதுவும் அதே குறைதான். சந்தேகம் மிச்சமிருந்தால், எரிந்த வாயு பட்டால் நிறம் மாறும் நீல திரவத்தைக் கொண்டு சோதிக்கும் கருவி பெரிய பட்டறைகளில் இருக்கும், அதைக் கேளுங்கள். இந்தச் சோதனைகளில் ஒன்று உறுதியாகக் குறை காட்டினால் தாராளமாக ஹெட்டைக் கழற்றலாம். அப்படிக் கழற்றினால் வெறும் கேஸ்கட்டை மாற்றி மூடிவிடாமல், ஹெட்டின் சமதளத்தை அளந்து, விரிசல் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு கேள்வியையும் உங்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது. மலை இழுவை போதவில்லை என்று என்ஜினின் டீசல் பம்பில் யாராவது அளவைக் கூட்டி வைத்திருக்கிறார்களா? ஏற்றத்தில் கரும்புகை வந்தால் இருக்கலாம். கூடுதலாக எரியும் டீசல் இழுவையாக மாறும் அளவுக்குச் சூடாகவும் மாறும். பம்பின் டைமிங், அதாவது டீசலைத் தெளிக்கும் நேரம், தள்ளிப்போயிருந்தாலும் இதே விளைவுதான். சமதளத்தில் சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி நான்கு சக்கர டிரம்களையும் அந்த வெப்பமானியால் அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் தனியே கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறது, அதையும் சேர்த்துத்தான் என்ஜின் இழுக்கிறது.

இவையெல்லாம் சரியான பிறகு, ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்றால் அதை நிறுத்துங்கள். அந்தத் தண்ணீரில் இருக்கும் உப்பு, என்ஜினின் மிகச் சூடான பகுதிகளில்தான் முதலில் படியும். அந்தப் படிவு கொஞ்சமே என்றாலும் சூடு தண்ணீருக்கு இறங்காமல் தடுத்துவிடும். உறைபனிக்காக அல்லவா கூலன்ட், நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் அதன் மற்ற இரண்டு வேலைகளை மறந்துவிடுகிறார்கள்: அது துருவைத் தடுக்கிறது, கொதிநிலையை உயர்த்துகிறது. அடர் கூலன்ட்டையும் கனிமம் நீக்கிய தண்ணீரையும் சரிபாதியாக வெளியிலேயே கலந்து ஊற்றுங்கள். விலை கொடுத்ததாயிற்றே என்று தண்ணீரே சேர்க்காமல் ஊற்ற வேண்டாம். சூட்டைச் சுமப்பதில் தண்ணீர்தான் சிறந்தது, கூலன்ட் மட்டும் இருந்தால் ஆறுவது குறையும். நிரப்பும்போது வண்டியின் முகப்பு சற்று உயர்ந்திருக்கும்படி மேட்டில் நிறுத்தி, மூடியைத் திறந்தபடி என்ஜினை ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து மட்டம் இறங்கியதும் மீண்டும் நிரப்பி மூடுங்கள். வடித்த பழைய கூலன்ட்டைத் தரையில் விடாதீர்கள்; இனிப்பாக இருப்பதால் நாயும் ஆடும் நக்கும், அது கொடிய விஷம்.

இந்த வேலைகள் முடியும் வரை நடைக்குப் போகாமல் இருக்க முடியாது என்றால், பாரத்தைப் பாதியாகக் குறைத்து, ஏற்றத்தில் ஒரு கியர் கீழேயே வைத்து ஓட்டுங்கள். மேல் கியரில் என்ஜினைத் திணறவிட்டால் சூடு கூடுகிறது, பம்பும் ஃபேனும் மெதுவாகச் சுற்றுகின்றன. கீழ் கியரில் இரண்டுமே வேகமாகச் சுற்றும். முள் முக்கால் தாண்டியதும் ஓரம் கட்டி, நியூட்ரலில் சற்றே உயர்ந்த வேகத்தில் ஓடவிடுங்கள். தண்ணீர் ஏற்கெனவே வழிந்து தீர்ந்துவிட்டது என்று தெரிந்தால் மட்டும் உடனே நிறுத்துங்கள். சூடான மூடியில் கை வைக்கவே கூடாது. அரை மணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருந்து, கனமான துணியைப் போட்டு, முதல் பூட்டு வரை மட்டும் திருகி, சீற்றம் அடங்கிய பிறகே முழுதாகத் திறக்க வேண்டும். வழியில் ஓடும் சில்லென்ற ஓடைத் தண்ணீரைக் கொதிக்கும் என்ஜினில் ஊற்றினால், இல்லாத ஹெட் விரிசல் அன்றே உண்டாகிவிடும்.

முதலில் மூடியையும் தெர்மோஸ்டாட்டையும் முடித்து, ரேடியேட்டரின் வெளிப்புறத்தைக் கழுவி, ஒரு நடை போய்ப் பாருங்கள். அதன் பிறகும் முள் ஏறினால் எனக்கு மறுபடி எழுதும்போது டம்டம் பாறையில் தெர்மோஸ்டாட் மூடியின் சூடு, ரேடியேட்டருக்குள் நுழையும் ஹோஸின் சூடு, வெளியேறும் ஹோஸின் சூடு ஆகிய மூன்று அளவுகளையும், ஏற்றியிருந்த பாரத்தையும் குறித்து அனுப்புங்கள். நுழையும் ஹோஸுக்கும் வெளியேறும் ஹோஸுக்கும் வித்தியாசம் மிகக் குறைவாக இருந்தால் காற்றுப் பக்கமும், முப்பது டிகிரிக்கு மேல் இருந்தால் தண்ணீர் ஓட்டத்தின் பக்கமும் தேட வேண்டும்.